கல்லுளிமங்கன் மேல் விழுந்த வெளிச்சம்

பெற்றவர்கள் வைத்த பெயர் சான்றிதழ்களுக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலும் கல்லூரியிலும் அவளுக்குப் பெயர் பம்பரம்.

உட்கார்ந்தால் கால் ஆடும். காலைப் பிடித்து வைத்தால் விரல் மேசையில் தாளம் போடும். விரலையும் மடக்கி வைத்தால் புருவம் தனியாகக் கிளம்பும். அவள் நின்ற இடத்தில் புல் முளைக்காது. தப்பித் தவறி முளைத்தாலும் மிதிபட்டே சாகும். அம்மா தையல்காரி. ஊரார் முதுகையெல்லாம் அளந்த அம்மா, பெற்ற மகளின் முதுகை மட்டும் ஒருநாளும் ஒழுங்காக அளந்ததில்லை. "இவளை நிக்க வெச்சு அளவெடுக்கறதுக்குள்ள ஒரு கல்யாண வீட்டுக்கே தைச்சுக் குடுத்துரலாம்" என்பாள், வாயில் குண்டூசியோடு.

இப்பேர்ப்பட்டவள் தேடிப் போய்ச் சேர்ந்த படிப்புதான் வேடிக்கை. வருகிறவர் எல்லாரையும் பார்த்து "ஆடாதீங்க, அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க" என்று சொல்லுகிற படிப்பு. ரேடியோகிராபி பட்டப்படிப்பு. வாய்க்கு எளிதாகச் சொன்னால், எக்ஸ்ரே எடுக்கிற படிப்பு. மீன் கூடைக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். வயரிங் வேலை பார்க்கும் அண்ணன் மட்டும் சிபாரிசு செய்தான். "ஆபீஸ் வேலைக்குப் போனா ரெண்டாம் நாளே இவ உக்காந்த நாற்காலி ராஜினாமா குடுத்துரும்மா. இதுல நடந்துக்கிட்டே இருக்கலாம். போகட்டும் விடு."

போனாள். எலும்புகளின் பெயர்களை மொட்டை மாடியில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தாள். மாடி முழுக்கப் பாசி பிடித்தபோது அவள் நடந்த தடம் மட்டும் பளபளவென்று இருந்தது. இரண்டாம் வருடம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே முதல்நாள் ஒரு ஆள், கதவைப் பிடித்துக்கொண்டு கட்டடமே அதிர அலறினார். எப்படியோ முழங்கையைப் படம் எடுத்தார்கள். திரையில் வந்த படத்தைப் பார்த்ததும் பம்பரத்தின் கால் ஆட மறந்தது. ஆள் இன்னும் வெளியே அலறிக்கொண்டுதான் இருந்தார். உள்ளேயோ, ஒரு சின்ன விரிசலைத் தவிர, எலும்புகள் தத்தம் இடத்தில் சத்தமே இல்லாமல் இருந்தன. ஒரு ஆளுக்குள் இவ்வளவு அமைதியா என்று அவளுக்குத் தோன்றியது. தனக்குள்ளும் இப்படித்தான் இருக்குமோ என்றும் தோன்றியது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கல்லூரி முழுக்கச் சிரிக்கும்.

கடைசி வருடம், குழந்தைகள் எக்ஸ்ரே அறையில் போஸ்டிங். அந்த அறைக்குத் தலைமை டெக்னீஷியன் ஒரு அம்மாள். காலையிலிருந்து மாலை வரை "மூச்சை இழு, பிடி, விடு" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் பேசும்போதும் அந்த ராகத்திலேயே பேசுவார் என்று கேள்வி. மாணவர்கள் வைத்த பெயர் மூச்சம்மா. "இதப் பாரு, பெரியவங்ககிட்ட ஆடாதீங்கன்னா ஆடமாட்டாங்க. பிள்ளைங்ககிட்ட ஆடாதேன்னு சொன்னா அன்னிக்குத்தான் ஆடறதுக்குப் பிறந்த மாதிரி ஆடும். ஆடுனா படம் கலங்கும். கலங்குனா திரும்ப எடுக்கணும். திரும்ப எடுத்தா திரும்பக் கதிர். புரிஞ்சுதா?" என்று சொல்லிவிட்டு, ஆள் பற்றாக்குறையால் பக்கத்து ஸ்கேன் அறையையும் பார்க்க ஓடிவிட்டார்.

பம்பரத்துக்குப் பிள்ளைகளைப் பிடித்துப்போனது. ஆடுகிற ஜாதிக்கு ஆடுகிற ஜாதியைப் பார்த்தால் தெரியாதா? முதல் வாரம் பாட்டுப் பாடினாள், குரங்குச் சேட்டை செய்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்தால் நெஞ்சு குலுங்கும்; குலுங்கினால் படம் கலங்கும். பிறகுதான் ஒருநாள் அந்த யோசனை வந்தது.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிற எல்லாரும் கழுத்தில் ஒரு பேட்ஜ் மாட்டியிருப்பார்கள். தீப்பெட்டி அளவுதான். வாய் பேசாது. ஆனால் தன்மேல் எவ்வளவு கதிர் விழுந்ததென்று உள்ளுக்குள் வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை வாங்கிப் போய்ச் சோதித்து, இந்த ஆளுக்கு இவ்வளவு டோஸ் என்று சொல்வார்கள். வழக்கமாகச் சொல்லும்படி ஒன்றும் இருக்காது. பட்டனை அழுத்தும்போது எல்லாரும் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால்தானே நிற்கிறார்கள்.

பம்பரம் தன் பேட்ஜின் முகத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டினாள். இரண்டு புள்ளிக் கண், ஒரு வளைந்த வாய். பிள்ளைகள் நெஞ்சை ஒட்டி நிற்கிற, படம் பதியும் பிளேட்டுக்குப் பக்கத்தில், ஸ்டாண்டின் கைப்பிடியில் அதை மாட்டினாள்.

"இவன் யாரு தெரியுமா?"

இருமலோடு வந்த பயல் மூக்கை உறிஞ்சினான். "யாரு?"

"கல்லுளிமங்கன். பொறந்ததுல இருந்து ஒரு தடவைகூட ஆடுனதில்ல. மூச்சு விட்டதுமில்ல. வேணும்னா பாரு."

பயல் உற்றுப் பார்த்தான். "விடல."

"இவனை இதுவரைக்கும் ஒருத்தரும் ஜெயிக்கல. நீ ஜெயிப்பியா?"

"நான் ஜெயிப்பேன்."

"உன் மூஞ்சியப் பாத்தா தோக்கறவன் மாதிரி இருக்கே."

அவ்வளவுதான். பயல் மூச்சைப் பிடித்தான் பாருங்கள், சிலை தோற்றது. பம்பரம் கண்ணாடிக்குப் பின்னால் ஓடினாள், பட்டனை அழுத்தினாள், படம் கண்ணாடி போல வந்தது. பிறகு வந்த பிள்ளைகள் எல்லாரும் கல்லுளிமங்கனோடு மல்லுக்கட்டினார்கள். எல்லாரும் ஜெயித்தார்கள். சில பிள்ளைகள் வீட்டுக்குப் போக மாட்டேன், இன்னொரு ஆட்டம் என்று அழுதார்கள். அந்த அறையில் திரும்ப எடுக்கிற படம் ஏறக்குறைய இல்லாமலே போனது. மூச்சம்மா எட்டிப் பார்த்து, "என்னடி மந்திரம் போடற?" என்று கேட்டார். பம்பரம் பேட்ஜைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டினாள்.

ஒரு விஷயம் இங்கே சொல்லிவிட வேண்டும். எக்ஸ்ரே குழாயின் வாயில் நாலு பக்கமும் மூடித் திறக்கிற ஷட்டர் உண்டு. விளக்கைப் போட்டால், கதிர் எங்கே விழப்போகிறதோ அங்கே வெளிச்சம் சதுரமாக விழும். நெஞ்சுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் திறக்க வேண்டும் என்பது பாடம். பம்பரத்துக்குத் தாராள மனசு. பிள்ளை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் படத்துக்குள் இருக்கட்டும் என்று அகலமாகவே திறந்து வைப்பாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் குறுக்கி விரித்துக்கொண்டிருக்க அவளுக்கு எங்கே பொறுமை? கணினியோ விசுவாசமான கூட்டாளி. வேண்டாத ஓரத்தையெல்லாம் தானே மறைத்து, படத்தை அளவெடுத்துத் தைத்ததுபோலக் காட்டிவிடும்.

மூன்று மாதம் முடிந்தது. ஸ்டிக்கரை உரித்துவிட்டு பேட்ஜைக் கொடுத்தாள். புது பேட்ஜ் வந்தது. பிராக்டிகல் தேர்வு நெருங்கியது. அப்போதுதான் டிக்டிக் சார் வந்தார்.

டிக்டிக் சார் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. இடுப்பில் ஒரு அளவுப் பெட்டி தொங்கும். அது டிக், டிக் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நடுநடுவே அவர் தும்முவார். தூசி ஒத்துக்கொள்ளாது. எல்லார் முன்னாலும் பம்பரத்தைக் கூப்பிட்டு, கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னார்: "உன் பேட்ஜ்ல டோஸ் எகிறிப் போயிருக்கு. ஒரு வருஷம் முழுக்க வாங்கக் கூடாததை மூணு மாசத்துல வாங்கியிருக்க. விசாரணை முடியற வரைக்கும் எந்த எக்ஸ்ரே அறைக்குள்ளயும் காலெடுத்து வைக்கக் கூடாது."

"சார், அடுத்த வாரம் பிராக்டிகல்..."

"அறைக்குள்ள போனாத்தான் பிராக்டிகல். அறைக்குள்ள போகக் கூடாது. நீயே கணக்குப் போட்டுக்கோ." தும்மினார்.

திருடனைத் தேள் கொட்டியது போல ஆனது அவளுக்கு. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. கல்லுளிமங்கன்தான் காரணம் என்று மனசுக்குள் ஒரு சந்தேகம் டிக், டிக் என்றது. ஆனால் கதிர் பிளேட்டில் அல்லவா விழும், பக்கத்தில் தொங்கினவனுக்கு எப்படி இவ்வளவு போகும்? அது மட்டும் பிடிபடவில்லை. சொல்லலாம் என்றால், பேட்ஜைக் கழற்றி வைத்தவர்களுக்குப் போஸ்டிங்கே செல்லாது என்பது கல்லூரி விதி. சொல்லாமல் இருந்தால் கதிர் வாங்கினவள் என்று ஆகும். அப்போதும் கதவு மூடியிருக்கும். பேய்க்குப் பயந்தால் பிசாசு.

வகுப்பில் அவளுக்குப் புகழ் பரவியது. ஒருத்தன் கைப்பேசியைக் கொண்டுவந்து அவள் தோளில் வைத்து, "சார்ஜ் ஏறுதா பாரு" என்றான். இன்னொருத்தி, கரண்ட் போனால் பம்பரம் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம் என்றாள். வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் முதல் ஆளாக இந்த நகைச்சுவையைச் செய்திருப்பவள் பம்பரம்தான். அதனால் கோபித்துக்கொள்ளக்கூட அவளுக்கு உரிமையில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். ஒவ்வொரு தடவையும் குழந்தைகள் அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. உள்ளே ஏதோ ஒரு பிள்ளை ஆடிக்கொண்டிருக்கிறது, அதட்டிக்கொண்டிருக்கிறார்கள். காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தாள்.

தடிமனான கண்ணாடி போட்ட ஒரு தோழி உண்டு, சோடாபுட்டி. அவள்தான் வழி சொன்னாள். "கழுத்துலதான் போட்டிருந்தேன், எப்படி வந்துச்சுன்னு தெரியலன்னு சாதி. ரத்தப் பரிசோதனை பண்ணுவாங்க. உனக்கு ஒண்ணும் இருக்காது. மெஷின் கோளாறுன்னு எழுதி விட்டுருவாங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நீ எப்போடி அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணானே? என் டிபன் பாக்ஸைத் தின்னுட்டு காக்கான்னு சொன்னவதானே?"

அது நியாயமான பேச்சு. சரி, சாதித்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனாள். செய்தி அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. சோடாபுட்டியின் அம்மா இவர்கள் கடையில்தான் தைக்கக் கொடுப்பவள்.

வாசலிலேயே அம்மா கையைக் குறுக்கே நீட்டினாள். "அங்கேயே நில்லு."

"என்னம்மா?"

"உன் உடம்பு பூரா கதிராமே. உள்ள அண்ணி இருக்கா."

அண்ணிக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. தினமும் சாயங்காலம் பம்பரம் வந்ததும் முதல் வேலை, அண்ணி வயிற்றில் கை வைப்பது. உள்ளே இருக்கிறது உதைக்கும். "நம்ம குடும்பத்துக்கு இன்னொரு பம்பரம் வருதுடி" என்று அண்ணி சொல்வாள். அந்தக் கையை இப்போது எங்கே வைப்பதென்று தெரியாமல் பம்பரம் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"அம்மா, எக்ஸ்ரே உடம்புல தங்காதும்மா. லைட்டை அணைச்சா வெளிச்சம் போயிருதுல்ல, அந்த மாதிரி. யார்கிட்டயும் தொத்தாது."

"நீ சொல்லுவ. சட்டியில இருக்கற சூடு அடுப்பை அணைச்சதும் போயிருதா?"

இதற்கு அவள் மூன்று வருடம் படித்த படிப்பில் பதில் இருந்தது. ஆனால் அம்மாவின் கை குறுக்கேயே நின்றது. குறுக்கே நிற்கிற கையோடு வாதாட முடியாது. அண்ணன் உள்ளேயிருந்து வந்து, கரண்ட் பார்க்கிற டெஸ்டரை எடுத்துத் தங்கையின் முழங்கையில் வைத்தான். "பாத்தியா, லைட் எரியல. ஒண்ணுமில்ல, உள்ள விடு."

"அது கரண்ட் பாக்கற டெஸ்டர்டா தடிமாடு!"

"எல்லாம் ஒண்ணுதாம்மா, கம்பி வழியா வருது."

அம்மா அசையவில்லை. அன்றைக்கு பம்பரத்துக்குத் தையல் மெஷின் இருக்கிற முன்னறைதான் வீடு. சாப்பாட்டுத் தட்டைச் சுவரோரமாகத் தள்ளினாள் அம்மா. பூனைக்குக்கூட அவ்வளவு தூரத்திலிருந்து வைத்ததில்லை. பம்பரம் தையல் மெஷினின் மிதிபலகையில் காலை வைத்து, நூல் இல்லாமலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள். கடகட, கடகட. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது. மெஷினைச் சும்மா ஓட்டினால் திட்டுகிற அம்மா, திட்டவில்லை.

மறுநாள் அண்ணி, துணி காயப்போடுகிற சாக்கில் பின்பக்கம் வந்தாள். பம்பரம் இரண்டடி பின்வாங்கினாள்.

"என்னடி, நீயுமா?"

"வேணாம் அண்ணி. அம்மா பார்த்தா..."

"அத்தை கடைக்குப் போயிருக்காங்க. நீ படிச்ச படிப்பு என்ன சொல்லுது? தொத்துமா தொத்தாதா?"

"தொத்தாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அண்ணி ஈரக்கையால் அவள் கையைப் பிடித்து இழுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே இருக்கிறது உடனே ஒரு உதை விட்டது. "நேத்து சாயங்காலம் பூரா ஆளைக் காணோம்னு ஒரே ஆட்டம்" என்றாள் அண்ணி. பம்பரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு, வெயில் கண்ணைக் குத்துவதாகச் சொன்னாள். அப்போது வெயில் இல்லை.

விசாரணை நாள் வந்தது. டிக்டிக் சாரின் அறையில் அவர், மூச்சம்மா, பம்பரம். மூச்சம்மாவின் முகம் இறுகியிருந்தது. அவருடைய அறையில் நடந்தது. அவருடைய தலையும்தான் உருளும்.

"பேட்ஜ் எங்க இருந்துச்சு?" என்றார் டிக்டிக் சார்.

"கழுத்துல சார். எப்பவும் கழுத்துலதான்." வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பொய், நன்றாகவே வந்தது.

"ஒரு நாளும் கழட்டல?"

"இல்ல சார்."

அவர் ஒரு தும்மலை முடித்துவிட்டுக் கணினித் திரையைத் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு படம். வலை மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், ஊசியால் கீறியதுபோல அவ்வளவு துல்லியம். "இது உன் பேட்ஜோட வயித்துக்குள்ள இருந்து எடுத்த படம். உள்ள சின்னதா ஒரு கம்பி வலை இருக்கும். பேட்ஜை ஆள் மாட்டிக்கிட்டு நடந்தா, கதிர் ஒவ்வொரு பக்கத்துல இருந்தும் வரும், வலையோட நிழல் கலங்கிப்போகும். ஒரே இடத்துல அசையாம மாட்டி வெச்சிருந்தாத்தான் நிழல் இப்படிக் கூர்மையா விழும்."

 பம்பரத்தின் கால் மட்டும் மேசைக்கடியில் பேசிக்கொண்டிருந்தது.

"நீ வந்து உக்காந்ததுல இருந்து உன் நாற்காலி கதவு வரைக்கும் போயிட்டு வந்துருச்சு" என்றார் அவர். "உன் கழுத்துல இருந்த பேட்ஜாம்மா இது? உன் கழுத்துல மலையைக் கட்டினாலும் அது ஆடிக்கிட்டுத்தான் இருக்கும்."

மூச்சம்மாவுக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றினார்.

"அப்புறம் இன்னொண்ணு. இதும்மேல பிசுபிசுன்னு பசை இருக்கு. என்ன ஒட்டியிருந்த?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தவளுக்கு, சோறே இல்லை. ஸ்டிக்கரைச் சொன்னாள். கல்லுளிமங்கனைச் சொன்னாள். மூச்சுப் பிடிக்கிற போட்டியைச் சொன்னாள். மூச்சம்மா அவள் பக்கம் திரும்பினார். "இதானாடி உன் மந்திரம்?"

"ஆனா சார், அது பிளேட்டுக்குப் பக்கத்துலதான் தொங்குச்சு. பிளேட் மேல இல்ல. அதுல எப்படி இவ்வளவு..."

டிக்டிக் சார் எழுந்தார். "வா, காட்டு."

குழந்தைகள் அறை காலியாக இருந்தது. கதிர் வராதபடி இயந்திரத்தைப் பூட்டிவிட்டு, குழாயின் விளக்கை மட்டும் விட்டு வைத்தார். "எந்தக் கைப்பிடி? சரி." பழைய பேட்ஜ் கூடொன்றை அங்கே மாட்டினார். பாக்கெட்டில் துழாவிப் பேனாவை எடுத்து, அதன்மேல் இரண்டு புள்ளியும் ஒரு வளைவும் போட்டார். "இதானே உன் ஆளு? இப்போ ஒரு பிள்ளை நிக்குதுன்னு வெச்சுக்கோ. வழக்கமா எப்படித் திறப்பியோ அப்படித் திற."

அவள் கை பழக்கத்தில் திருகியது. அறை விளக்கை மூச்சம்மா அணைத்தார்.

வெளிச்சச் சதுரம் ஸ்டாண்டின் மேல் விழுந்தது. பிளேட்டைத் தாண்டி, கைப்பிடியைத் தாண்டி, சுவர் வரைக்கும் போனது. அதன் நடுவே கல்லுளிமங்கன் முகம் முழுக்க வெளிச்சத்தோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

பம்பரம் அவனைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை இறங்கியது. ஸ்டாண்டின் உயரத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி இறக்கி வைத்திருந்தது. பிளேட்டுக்கு மேலே தலை வரும் இடம், கீழே வயிறு வரும் இடம், இரண்டு பக்கமும் பிஞ்சுக் கை வரும் இடம். எல்லா இடத்திலும் வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. நெஞ்சுக்கு வேண்டியது நடுவில் ஒரு துண்டுதான்.

"டோஸ் உனக்கு விழல" என்றார் டிக்டிக் சார். "நீ கண்ணாடிக்குப் பின்னால பத்திரமா இருந்த. இவன்..." பேட்ஜைக் காட்டினார், "சாட்சி. அவ்வளவுதான்."

யாருக்கு விழுந்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு 'நான் ஜெயிப்பேன்' என்ற பயல் நின்றது அந்த வெளிச்சத்தில்தான். அண்ணியின் வயிற்றைக் காக்க வாசலில் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றாளே அம்மா, அது நினைவுக்கு வந்தது. தப்பான ஆளைத் தடுத்தாள் அம்மா. ஆனால் தடுக்கத் தெரிந்தவள்.

"பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆகுமா சார்?" என்று கேட்டாள்.

"ஆகாது. ரொம்பக் கம்மியான அளவு. உன் பேட்ஜ் அத்தனை பிள்ளைங்களோட சிந்தலையும் சேர்த்து வெச்சுக் காட்டுது. ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது." தும்ம வந்தது, அடக்கினார். "ஆனா வேண்டாத இடத்துல விழுந்தது வேண்டாததுதானே?"

மூச்சம்மா மெதுவாகச் சொன்னார்: "நானும் இங்க நின்னிருக்கணும்." பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஏய், என்னடி இப்படி நிக்கற? ஏதாவது பண்ணு, பயமா இருக்கு" என்றார்.

பம்பரம் ஆடாமல் நின்றுகொண்டிருந்தாள். கால், விரல், புருவம், எதுவும் இல்லை. அந்த நேரத்தில் அவள் கழுத்தில் பேட்ஜ் இருந்திருந்தால் வலையின் நிழல் ஊசிக் கோடாக விழுந்திருக்கும்.

முடிவு இப்படி வந்தது: அவள் உடம்பில் டோஸ் இல்லை, கதவு திறந்தது. பேட்ஜைக் கழற்றியதால் குழந்தைகள் போஸ்டிங் செல்லாது. முதலிலிருந்து செய்ய வேண்டும். பிராக்டிகல், ஆறு மாதம் கழித்து அடுத்த பேட்ச்சோடு. சோடாபுட்டி பட்டம் வாங்கும்போது இவள் கீழே உட்கார்ந்து கை தட்ட வேண்டும். சோடாபுட்டி அழுதாள். "நான் சொன்ன மாதிரி சாதிச்சிருந்தா..."

"சாதிச்சேன்டி. என்னை யாரும் நம்பல. நான் ஆடாம இருந்திருக்கவே முடியாதாம்." இருவரும் சிரித்துவிட்டார்கள்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். அரை வருடம் தள்ளிப்போனது முதலில் அம்மாவின் காதிலேயே ஏறவில்லை. "அப்ப உடம்புல ஒண்ணும் இல்லையா? நிஜமாவா?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, "வா, வெள்ளைக் கோட்டு தோள்பட்டையில தொங்குது, சின்னது பண்ணித் தரேன்" என்று அவள் தோளைத் தொட்டாள். தொடுவதற்கு ஒரு சாக்கு. பம்பரம் கொஞ்சம் நின்று கொடுத்தாள். கொஞ்சம்தான்.

குழந்தைகள் அறைக்குத் திரும்பிய அன்று கைப்பிடியில் ஒரு வட்ட அட்டை தொங்கியது. இரண்டு புள்ளி, ஒரு வளைந்த வாய். யார் மாட்டினது என்று கேட்டாள். "எனக்கென்ன தெரியும், மூச்சை இழு" என்றார் மூச்சம்மா, சம்பந்தமே இல்லாமல். இந்தத் தடவை அவர் ஸ்கேன் அறைக்கு ஓடவில்லை.

முதல் ஆளாக ஒரு சின்னப்பெண் வந்தாள். ஸ்டாண்டில் ஒட்டி நின்றாள், திரும்பினாள், ஒரு காலைத் தூக்கினாள், சடையைக் கடித்தாள். பம்பரம் விளக்கைப் போட்டு ஷட்டரைக் குறுக்கினாள். பெண் நகர்ந்தாள்; வெளிச்சத்தை மறுபடி பார்த்துக் குறுக்கினாள். மறுபடி நகர்ந்தாள். முன்னைப்போல் அகலமாகத் திறந்து வைத்தால் இந்நேரம் முடிந்திருக்கும். விரல் அரித்தது. மறுபடி குறுக்கினாள். வெளிச்சம் அந்தச் சின்ன நெஞ்சோடு நின்றது. அட்டைமுகம் இருட்டில் தொங்கியது.

"இவன் யாரு தெரியுமா?" என்று பம்பரம் ஆரம்பித்தாள்.

"அவன் அட்டை" என்றாள் அந்தப் பெண். "நீதான் ஆடற."

"நானா?"

"கால் ஆடுது பாரு. நீ ஆடாம இருந்தா நானும் ஆடாம இருப்பேன்."

மூச்சம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பம்பரம் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றாள். அந்தப் பெண் தலையை மட்டும் திருப்பி, தோளுக்கு மேலாக அவளையே கண்காணித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம் பாரு. சத்தியமா ஆடமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. சேர்ந்து மூச்சை இழுப்போமா? இழு..."

இருவரும் இழுத்தார்கள். பிடித்தார்கள். பம்பரத்தின் கால் தரையில் இருந்தது. விரல் பட்டனில் இருந்தது. உள்ளே எல்லாம் தத்தம் இடத்தில் சத்தமில்லாமல் இருந்தது. அழுத்தினாள்.

"விடு."

மூச்சை விட்டதும் கால் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.